பாசக்காரவுக

ஏங்க்கா, அந்த ஜன்னலோரத்தைக் கொஞ்சம் எனக்குத் தாறீகளா? தப்பா நினைக்காதீங்க. தனியா பஸ்ஸுல வாறது, கல்யாணம் ஆனதுக்குப் பெறகு இதான் முதத்தடவை. அதான் ஒரு ஆசை. நீங்க எதுவரைக்கும், நாகர்கோயிலா? அப்பச் சரி. நான் திருநெல்வேலியில இறங்குனதும் நீங்க நகந்து உக்காந்துக்கிடலாம். நாகர்கோயில்ல வடசேரி பஸ் ஸ்டாண்டுக்குள்ள நுழையும்போதே ஒரு பழக்கடை இருக்கும் பாருங்க, ஐயப்பன் பழக்கடைன்னு. அது என் தம்பி கடைதான். பாத்துப் பேசி ரொம்ப வருசமாச்சு. எங்க வீட்டுக்காரவுகளுக்கும் அவனுக்கும் ஒரு கல்யாண வீட்டுப் பந்தியில வாய்த்தகராறு. அதுல இருந்து நானும் பேசுறதில்ல. அவுகளுக்குப் பிடிக்காது.

கடலைமிட்டாய் எடுத்துக்கிடுங்க. கோயில்பட்டிக்காரி கடலைமிட்டாய் இல்லாம பஸ் ஏறினா கண்டக்டரே இறக்கி விட்டுருவாரு.

இருங்க, போன் அடிக்குது. ஆமாங்க. ஏறிட்டேன். உக்காந்துட்டேன். பக்கத்துல ஒரு அக்கா. ஆமா, பொம்பளதான். சத்தியமாங்க. இருங்க, குடுக்கேன். அக்கா, கோவிச்சுக்கிடாதீங்க, எங்க வீட்டுக்காரவுக. ஒரு ஹலோ மட்டும் சொல்லிருங்க, பொம்பளக் குரல் கேட்டாப் போதும் அவுகளுக்கு.

ரொம்ப நன்றிக்கா. கேட்டுச்சாங்க? சரி, வைக்கேன்.

என்ன அப்படிப் பாக்குதீங்க? பாசக்கா, பாசம். ஊர்ல எத்தனை பொம்பளைக, புருசன் ஒரு வார்த்தை கேக்க மாட்டேங்கான்னு அழுதுட்டு இருக்காளுக. எனக்கு அந்தக் குறையே கிடையாது. அரை மணிக்கு ஒருக்கா கேப்பாக. வெல்டிங் பட்டறையில தீப்பொறி பறந்துட்டு இருக்கும், ஒரு கையில கண்ணாடி, ஒரு கையில போன். ஜாக்கெட்டு தைக்கக் குடுத்தாக்கூட டெய்லர் கடைக்கு அவுகளே வந்து, பின்கழுத்து இவ்வளவுதான் இறங்கணும்னு விரலை வச்சு அளந்து காட்டிட்டுப் போவாக. டெய்லருக்கே வெக்கமாப் போயிரும். அப்படி ஒரு மனுசன்.

இப்ப எதுக்குத் தனியா அனுப்பி வச்சாகன்னு கேக்குதீங்களா? எம் மகளைக் கூப்பிடப் போறேன். செண்பகவல்லி, எங்க ஊர் அம்மன் பேருதான். செண்பான்னு கூப்பிடுவோம். பாளையங்கோட்டையில ஹாஸ்டல்ல தங்கி காலேஜு முதல் வருசம் படிக்கா. போய் டி.சி. வாங்கி, கையோட கூட்டிட்டு வரணும். தை பிறந்ததும் நிச்சயம். அவுகளே வந்திருப்பாக, ஆனா அவுக மூஞ்சியப் பாத்தா அவ வாயே திறக்க மாட்டா. வீட்டுச் சாமி மாதிரி நிப்பா. அதான் நான். ஆபீஸ மூணு மணிக்கு மூடிருவாகளாம், அதுக்குள்ள போகணும்.

மாப்பிள்ளை யாருன்னா, அசல் கிடையாது. எங்க வீட்டுக்காரவுக அக்கா மகன். ஹரிஹரசுதன். ஹரி, ஹரின்னுதான் கூப்பிடுவோம். முறைப்பையன். அதனாலதான் ரெண்டும் பழகுனப்ப வீட்டுல யாரும் ஒண்ணும் சொல்லல. மத்தவன்னா எங்க வீட்டுக்காரவுக வெட்டிப் போட்டிருப்பாக. இவன் சொந்தக்காரன், வீட்டுக்குள்ள வந்து போறவன். அவ அப்பப் பன்னெண்டாவது படிக்கா, பதினேழு வயசு. அவனுக்குப் பத்தொம்பது, பாலிடெக்னிக்கு. மீசை அப்பத்தான் அரும்புது, அதைத் தடவி விட்டுக்கிட்டே பேசுவான். பாத்தாச் சிரிப்பா வரும்.

ஆரம்பத்துல எப்படித் தெரியுமாக்கா இருந்தான்? டியூஷன் விட்டு வாறப்ப மழை பெய்யும்னு குடையோட நிப்பான். கோயில்பட்டியில என்னைக்கு மழை பெஞ்சிருக்கு? நிப்பான். சாப்பிட்டியா, தண்ணி குடிச்சியா, தூங்கினியான்னு மெசேஜ் வந்துக்கிட்டே இருக்கும். பெத்தவ நான், நான்கூட அவகிட்ட அத்தனை தடவை சாப்பிட்டியான்னு கேட்டதில்ல. செண்பா போனைக் கட்டிப் பிடிச்சுக்கிட்டே திரிவா. எனக்கு உள்ளூரச் சந்தோசம். எம் மக ராணி மாதிரி இருக்கப் போறான்னு.

அப்பறம் அந்தப் பாசம் கூடிக்கிட்டே போச்சு. நமக்குள்ள என்ன ஒளிவு மறைவு, பாஸ்வேர்டைக் குடுன்னான். குடுத்தா. கிளாஸ் குரூப்புல இருந்த பயலுக நம்பரையெல்லாம் பிளாக் பண்ணான். அந்த வேகத்துல இயற்பியல் வாத்தியாரையும் சேத்து பிளாக் பண்ணிட்டான். அந்த மனுசனுக்கு ரிட்டையர் ஆக ரெண்டு வருசம்தான் இருக்கு. இவளுக்குப் பரீட்சைத் தேதி மாறுனதே தெரியாமப் போச்சு. கேட்டா, ஆம்பளை ஆம்பளைதானே அத்தைன்னான். நான் விழுந்து விழுந்து சிரிச்சேன்.

மெர்லின்னு ஒரு பிள்ளை, இவளுக்கு எல்.கே.ஜி.யில இருந்து சிநேகிதி. அவ அப்பா தண்ணி லாரி வச்சிருக்காரு. அவளுக்கு வாய் ஜாஸ்தி, அவகூடச் சேராதன்னான் ஹரி. இவளும் ரெண்டு நாள் அழுதுட்டு விட்டுட்டா. இதுல என்ன இருக்கு? எனக்கும் ஜோதின்னு ஒருத்தி இருந்தா. ஒண்ணா தையல் படிச்சோம். கல்யாணம் ஆன புதுசுல அவுக, அந்தப் பிள்ளை சரியில்லன்னாக. விட்டுட்டேன். ஜோதி இப்ப பாளையங்கோட்டையிலதான் எங்கேயோ இருக்கான்னு கேள்வி. இருந்துட்டுப் போறா.

ஹாக்கியிலதான் கொஞ்சம் சிக்கலாச்சு. எங்க ஊர்ல நடக்கப் பழகுன பிள்ளை கையில முதல்ல ஹாக்கி மட்டையத்தான் குடுப்பாக. செண்பா கோல் கீப்பர். அரை டவுசர் போட்டுட்டு கிரவுண்டுல நிக்கக்கூடாது, நாலு பேரு பாக்காம்னு ஹரி ஒத்தக் கால்ல நின்னான். கோல் கீப்பரு உடம்புல வெளிய என்னத்தக்கா தெரியும்? காலுல இந்தாத் தண்டி பேடு, நெஞ்சுக்கு ஒரு மெத்தை, மூஞ்சிக்குக் கம்பிக்கூடு. அடையாளமே தெரியாது. அவ அதையெல்லாம் மாட்டிட்டு ஒரு போட்டோ எடுத்திருந்தா, எது முன்பக்கம் எது பின்பக்கம்னு எங்களுக்கு ஒரே குழப்பம். ஆனாலும் பிள்ளைக்கு மனசு கேக்கல. பாசம் இருக்கிற இடத்துலதானக்கா பொறாமை இருக்கும். விளையாடுறத நிறுத்திட்டா.

நான் ஒருக்காக்கூட அவ விளையாடிப் பாத்ததில்ல. கிரவுண்டுல ஆம்பளைக கூட்டம் நிக்கும்னு அவுக விட மாட்டாக.

ஒருநாள் வாக்குவாதத்துல அவ ஏதோ எதுத்துப் பேசிட்டா. அன்னைக்கு ராத்திரி அவன் கையில பிளேடால கீறி போட்டோ அனுப்பிட்டான். எங்க மதினி, அவன் அம்மா, ஒப்பாரி வச்சுக்கிட்டே ஓடி வந்தாக. நான்தான் செண்பா கையப் பிடிச்சு இழுத்துட்டுப் போய் மன்னிப்புக் கேக்க வச்சேன். மறுவாரம் அவ மணிக்கட்டுல நீலமா ரெண்டு விரல் தடம். என்னடீன்னு கேட்டா, அத்தான் பிடிச்சாகன்னா. வளையலும் உடைஞ்சிருச்சு. சாயங்காலமே ரெண்டு டஜன் புது வளையல் வாங்கிட்டு வந்து நிக்கான். ஒண்ணு உடைச்சதுக்கு ரெண்டு டஜன். யாரு செய்வா சொல்லுங்க? ஆனா அவ, அந்த வளையலைப் போடவே மாட்டேன்னு அடுக்குப்பானைக்குள்ள வச்சிட்டா. பிடிவாதம்.

இருங்க, திரும்பவும் அவுகதான். சொல்லுங்க. கயத்தாறு. ஆமா, டோல்கேட்டு. வரிசையா வண்டி நிக்கி, அதான் நகரல. இறங்கலங்க. டீ குடிக்கல. யாருகூடயும் பேசல, அந்த அக்காகூடத்தான். என்ன பேசுதோமா? சும்மா, ஊர் நாட்டு விசயம். சரி. சரிங்க.

அது எப்படி அவுகளுக்கு பஸ் நிக்கது தெரியும்னு பாக்குதீங்களா? அதுவும் ஹரி வேலைதான். போன்ல லைவ் லொக்கேஷன்னு ஒண்ணு இருக்குல்லா. நாம போற இடமெல்லாம் மேப்புல நம்ம மூஞ்சி ஒரு வட்டத்துக்குள்ள நகரும். முதல்ல அவன் செண்பா போன்லதான் போட்டான். எங்க வீட்டுக்காரவுக அதப் பாத்ததும் அசந்து போயிட்டாக. என்ன மருமகனே, இது முன்னாடியே தெரியாமப் போச்சேன்னு, அன்னைக்கே எனக்கும் போட்டுக் குடுத்தாச்சு. எட்டு மணி நேரத்துக்கு ஒருக்கா அதுவா நின்னுரும், திருப்பி அமுக்கணும். நான் விடிகாலையில வாசல் தெளிக்கும் முன்ன ஒரு அமுக்கு. மத்தியானச் சோறு வச்சதும் ஒரு அமுக்கு. படுக்கும்போது ஒண்ணு. பழகிருச்சு.

ஹரி எங்கிட்டச் சொல்லுவான்: "அத்தை, மாமா உங்களைப் பாத்துக்கிடுத மாதிரியே நான் செண்பாவைப் பாத்துக்கிடுவேன். சின்ன வயசுல இருந்தே மாமாவப் பாத்துத்தான் வளந்தேன்." அதக் கேட்டு அவுகளுக்கு நெஞ்சு அரையடி நிமிந்துருச்சு. எனக்குந்தான்.

இனிமேதான் கூத்தே இருக்கு. கேளுங்க.

ஒரு சனிக்கிழமை. செண்பா மெர்லின் வீட்டுக்குப் போய் நோட்டு வாங்கிட்டு வாறேன்னு கிளம்புனா. மெர்லின்தான் ஆகாதேன்னு நான் கேக்கதுக்குள்ள போயிட்டா. கொஞ்ச நேரத்துல ஹரி மேப்பைப் பாக்கான், இவ வட்டம் எட்டையபுரம் ரோட்டுல போகுது. போன் அடிக்கான், எடுக்கல. பைக்க எடுத்துட்டான். வட்டம் நாலாட்டின்புதூர்ல நிக்கி, இவன் போறதுக்குள்ள கிளம்பிருது. திரும்ப டவுனுக்குள்ள வருது, இந்திரா நகர்ல நிக்கி. இவன் அங்க போனா அது கடலையூர் ரோட்டுல இருக்கு. வெயில்னா வெயில், மண்டையப் பிளக்கு. கடலையூர் ரோட்டுல பெட்ரோல் தீந்துபோச்சு. பைக்க உருட்டிக்கிட்டே வட்டத்தைத் தேடிப் போயிருக்கான், அக்கா. கடைசியில ஒரு கல்யாண மண்டபத்து வாசல்ல வட்டத்தைப் பிடிச்சான். பாத்தா என்ன, தண்ணி லாரி. மெர்லின் அப்பா ஓஸை மாட்டி தொட்டிக்குத் தண்ணி விட்டுட்டு இருக்காரு. இவனைப் பாத்ததும் டேஷ்போர்டுல இருந்து போனை எடுத்து, "இந்தாங்க தம்பி, நம்ம செண்பா போனு. வண்டியிலயே விட்டுட்டுப் போயிட்டா. நெத்தியெல்லாம் வேர்த்திருக்கே, ஒரு சொம்பு தண்ணி குடிக்கியளா?"ன்னாராம்.

சிரிக்காதீங்கக்கா. நீங்க சிரிச்சா எனக்கும் வந்துரும். பாவம் அந்தப் பிள்ளை. ஒரு பொண்ணுக்காக நாக்குத் தள்ள பைக்க உருட்டுனானே, அந்த அன்பை நினைச்சுப் பாருங்க. ஆனா அந்தச் சொம்புத் தண்ணிய நினைச்சா எனக்கு அடக்க முடியாது. இன்னைக்கு வரைக்கும் அடக்க முடியல.

அந்த நேரம் இவ எங்க இருந்தா? கிரவுண்டுல. மாவட்ட டீமுக்கு ஆள் எடுக்காக அன்னைக்கு. மெர்லின் பேடையெல்லாம் கட்டி விட்டிருக்கா. அத்தனை மாசம் மட்டையைத் தொடாதவ, கோலுக்குள்ள ஒரு பந்து விடலயாம். எடுத்துட்டாக. இப்ப காலேஜுல இடம் கிடைச்சது அந்த ஹாக்கிக் கோட்டாவுலதான். பொம்பளப் பிள்ளைக மட்டும் படிக்கிற காலேஜு, பீசும் கிடையாதுன்னதும் அவுகளும் சரின்னுட்டாக.

சாயங்காலம் ஹரி வந்தான். நடுக்கூடத்துல வச்சு அந்தப் போனைத் தரையில அடிச்சான். சில்லுச் சில்லாப் போச்சு. அப்படியே கையையும் ஓங்கிட்டான். ஓங்குனதுதான். கொஞ்சம் பட்டுருச்சு. கன்னம் சிவந்து, உதட்டோரம் லேசா ரத்தம். அவ்வளவுதான். உடனே தரையில உக்காந்து அவனே ஓன்னு அழுதான். நான் அவனுக்குத் தண்ணி கொண்டுவந்து குடுத்தேன். செண்பா அழவே இல்ல. நின்ன இடத்துல நின்னு, "முடிஞ்சது அத்தான்"ன்னா. சத்தம்கூடப் போடல.

நான் அவளை அடுப்படிக்குள்ள இழுத்துட்டுப் போய்த் திட்டுனேன். அடிக்கிற கைதான்டி அணைக்கும். உங்க அப்பாகிட்ட நான் வாங்காததா? அதுக்குன்னு நான் என்ன கெட்டா போயிட்டேன்? அப்படீன்னு கேட்டேன். அவ உதட்டுல உப்புத்தண்ணி வச்சுக்கிட்டே என்னைப் பாத்து, "அம்மா, நீ கடைசியா தனியா எங்க போன?"ன்னா.

நான் வேடிக்கையா, "பாத்ரூமுக்குத்தான்"னேன். அங்கயும் நேரமானா அவுக கதவைத் தட்டுவாகல்லா. ரெண்டு பேரும் சிரிச்சுட்டோம். அவ முதல்ல நிறுத்திட்டா. நான் இன்னும் கொஞ்ச நேரம் சிரிச்சேன்.

அந்தக் கேள்வி மட்டும் அப்பப்ப வந்து நிக்கி. வாசல் தெளிக்கையில வரும். சோறு வடிக்கையில வரும். பதில் யோசிச்சுப் பாத்தேன். கல்யாணத்துக்கு முந்தின மாசம், ஜோதியும் நானும் கழுகுமலை திருவிழாவுக்குப் போனோம். அது தனியாப் போனதுன்னு சொல்ல முடியாது, ரெண்டு பேரு. அதுக்கு முன்ன என்னன்னு ஞாபகம் இல்ல.

சரி, அதெல்லாம் பழைய கதை. இப்ப ஹரி சோறு தண்ணி இல்லாமக் கிடக்கானாம், மதினி நித்தம் வந்து அழுதாக. அவுக அக்கான்னா எங்க வீட்டுக்காரவுகளுக்கு உயிரு. படிப்பு வேண்டாம், கூட்டிட்டு வா, கழுத்துல தாலி ஏறுனா எல்லாம் சரியாப் போகும்னுட்டாக. ஹரியும் இந்தாப் பாருங்க, புதுப் போனு வாங்கிக் குடுத்து விட்டிருக்கான். உடைச்சதைவிடப் பெருசு. டப்பாவைப் பிரிச்சு, அந்த வட்டம் கிட்டமெல்லாம் போட்டே குடுத்திருக்கான். காலையில இருந்து பையில நகந்துக்கிட்டு இருக்கு. செண்பா இப்ப ஒரு பட்டன் போன்தான் வச்சிருக்கா. அதுல பேசலாம், அவ்வளவுதான்.

நேத்து அதுல இருந்துதான் பேசுனா. நான் வாறேன்னு மட்டும் சொன்னேன், எதுக்குன்னு சொல்லல. "நாளைக்கா? நாளைக்கு மூணு மணிக்கு எனக்கு மேட்ச்சும்மா. கிரவுண்டுக்கே வந்துரு, நீ பாத்ததே இல்லல்லா"ன்னா. குரல்ல அவ்வளவு சந்தோசம். அந்தக் குரலைக் கேட்டுக் கொள்ளை நாளாச்சு. டியூஷன்ல இருந்து குடையோட வந்தப்ப இருந்த அந்தக் குரலு. எனக்குச் சொல்ல வாய் வரலக்கா. சரிடீன்னு வச்சிட்டேன்.

மூணு மணிக்கு மேட்ச்சு, மூணு மணிக்கு ஆபீஸ் மூடிரும், நான் போய்ச் சேரவே நேரம் சரியா இருக்கும். என்ன பண்ண?

தாழையூத்து வந்துருச்சா? அந்தா புகைபோக்கி தெரியுது. இந்தப் பாலம் தாண்டுனா ஊர் வந்துரும். ஜன்னல் காத்து நல்லா இருக்குல்லா? முடியெல்லாம் பறக்கு. பறக்கட்டும்.

ஆமா, போன்தான் அடிக்குது. கேக்குது எனக்கும். அவுகதான். அடிக்கட்டும். வண்டிச் சத்தத்துல கேக்கலன்னு சொல்லிக்கிடலாம்.

நின்னுருச்சு. திரும்ப அடிப்பாக.

அக்கா, ஒரு உபகாரம் பண்ணுவீகளா? ஒண்ணும் பெருசு இல்ல. நீங்க எப்படியும் வடசேரியிலதான் இறங்குவீக. இந்த என் போனையும், அந்தப் புதுப் போன் டப்பாவையும் அப்படியே உங்க பையில வச்சுக்கிடுங்க. எடுத்துப் பேச வேண்டாம், அடிச்சு அடிச்சு அதுவே ஓஞ்சிரும். பஸ் ஸ்டாண்டுல நம்ம ஐயப்பன் பழக்கடையில குடுத்துட்டு, உங்க அக்கா குடுத்தாடான்னு சொன்னாப் போதும். நாளைக்கோ, மறுநாளோ வாறேன்னு சொல்லுங்க. தம்பி உங்களுக்கு நல்ல மட்டிப்பழம் தருவான். அதுக்கப்பறம் அவுக கூப்பிட்டா அவனே எடுக்கட்டும். மச்சானும் மச்சினனும் பேசி வருசக்கணக்காச்சு. பேசிக்கிடட்டும்.

ரெண்டு வட்டமும் நாங்குநேரி, வள்ளியூர்னு ஊர் பாத்துட்டே போகும். ஹரி இப்பவே பைக்க எடுத்துருவான். டேங்க்கு நிறையப் போட்டுட்டுக் கிளம்பணும், இல்லன்னா ஆரல்வாய்மொழி காத்துல உருட்ட முடியாது. பாவம்.

அப்படிப் பாக்காதீங்க. எனக்கு ஒண்ணும் ஆகாது. ராத்திரி வீட்டுல சத்தம் போடுவாக. போடட்டும். ஆனா அவுகளைத் தப்பா நினைக்காதீங்க. ரொம்பப் பாசக்காரவுக. நான் சும்மா ஒரு விளையாட்டுக்குத்தான்.

டி.சி.யா? அத வாங்கத்தானே வந்திருக்கேன். வாங்காமயா போவேன்? மூணு மணிக்குள்ள ஆபீசுக்குப் போயிறணும்னு அவுக படிச்சுப் படிச்சுச் சொல்லித்தான் அனுப்பியிருக்காக.

ஆனா போன் இல்லாம எனக்கு மணி எப்படிக்கா தெரியும்? நீங்களே சொல்லுங்க.

கண்டக்டரே, புது பஸ் ஸ்டாண்டு ஒருத்தி இறங்கணும். ஆமா, தனியாத்தான்.